படத்துக்கு வெளியே ஒரு கை

தோட்டம்,
4 மார்ச் 2025

என் மருமகள் குமுதாவுக்கு,

கேமரன் மலையின் ஒளிப்பட மாமன்னன், தேயிலைச் செடிகளின் காவலன், கொழுந்து லோரியின் ஒரே ஓட்டுநர், உன் தாய்மாமன் சிவசாமி எழுதிக்கொள்வது.

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்ப மாட்டார்கள். இதை லோரியின் ஸ்டியரிங் மீது அடித்துச் சத்தியம் செய்கிறேன். நீயும் நம்ப வேண்டியதில்லை. நம்பாமலே கடைசி வரி வரைக்கும் படித்தால் போதும்.

முதலில் வழக்கின் சுருக்கம். ஜொகூர் பாருவுக்கு வேலைக்குப் போன அன்று, பஸ் படியில் நின்றுகொண்டு நீ எனக்கு ஒரு சட்டம் போட்டாய். “ஞாயித்துக்கெழம ஆனா ஒரு படம் வரணும் மாமா. வெளிய வெளிச்சத்துல நின்னு எடுக்கணும். சாப்புடுறேன் சாப்புடுறேன்னு வாயால சொன்னா நம்ப மாட்டேன். மூஞ்சியப் பாத்தாத்தான் நம்புவேன்.” உன் அத்தை கங்கா போன பிறகு என்னைத் திட்டுவதற்கு நீ ஒருத்திதான் மிச்சம். ஆகவே பணிந்தேன். மழையானாலும் படம், காய்ச்சலானாலும் படம். என் தாடை மட்டும் விழுந்த படம், என் கட்டைவிரல் பூசணிக்காய் அளவுக்கு விழுந்த படம், என் தலையிலிருந்து மின்கம்பம் முளைத்த படம் என்று எத்தனை காவியங்கள்!

போன ஞாயிறு அனுப்பிய படத்துக்கு நீ இரண்டு கேள்வி கேட்டாய். இதை எடுத்தது யார்? பின்னால் சுவரில் அத்தை படம் எங்கே? நான் பதில் எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன், அழித்தேன். நீ என்னை வாட்சப்பிலிருந்தே தூக்கிவிட்டாய். அதனால்தான் இந்தக் காகிதம்.

கதை இதுதான். அன்று காலை இறங்கிய பனி சாதாரணப் பனி அல்ல. என் சட்டையை அதில் காயப்போட்டேன், விழாமல் நின்றது. பிரிஞ்சாங் போகிற கார்கள் எல்லாம் பனியில் ஒட்டிக்கொண்டன, போலீஸ்காரர் கத்தி கொண்டுவந்து வெட்டிப் பிரித்தார். அந்தப் பனிக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. உடம்பு இல்லை, தலை இல்லை. வெறும் கை. என் கைப்பேசியை வாங்கிக்கொண்டது. “கொஞ்சம் சிரிங்க” என்றது. எடுத்தது. திருப்பிக் கொடுத்தது. போய்விட்டது.

சுவரைப் பற்றிய கேள்வி கடிதம் நீண்டுவிட்டதால் பிறகு.

இந்த வாரப் படத்தைப் பிரிஞ்சாங்கில் திருமாறன் கடையில் அச்சுப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். அதன் கலையைக் கவனி. உச்சி வெயிலில் நின்றால் கண்ணுக்குக் கீழே இரண்டு குழி விழும், ஆகவே மேகம் வரும்வரை காத்திருந்தேன். மேகம்தான் மூஞ்சிக்குப் பவுடர். என்னை நடுவில் நட்டு வைக்காமல் ஓரமாக நிறுத்தி, நான் பார்க்கிற பக்கம் இடம் விட்டிருக்கிறது. தேயிலை வரிசைகள் எல்லாம் என் முகத்தை நோக்கி ஓடி வருவதைப் பார். உலகில் எந்த அரசனுக்கும் இத்தனை பேர் ஓடி வந்ததில்லை.

உன் மாமா


ஜொகூர் பாரு,
11 மார்ச் 2025

மாமாவுக்கு,

பனியில் சட்டை காயப்போட்டதைப் பஸ்ஸில் படித்துச் சிரித்துவிட்டேன். அதற்காக மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

இனி காகிதம்தான். வாட்சப்பில் நீங்கள் எழுதி எழுதி அழித்தீர்கள். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று இரண்டு வரி. பொய் சொன்னால் திட்டிவிட்டுப் போவேன். சொல்ல வந்து அழித்தால் என்ன செய்வது? காகிதத்தைத் தபாலில் போட்ட பிறகு அழிக்க முடியாது. அதனால் இங்கே எழுதுங்கள்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை மறந்துவிட்டீர்கள். காப்புறுதிக் கம்பெனியில், இழப்பீடு கேட்டு வருகிற மோதிய கார்களின் படங்களைப் பார்த்து எது நிஜம், எது ஜோடித்தது என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன்.

இது டைமர் வைத்து எடுத்த படம் இல்லை. டைமர் வைத்தால் ஆள் லென்ஸைப் பார்ப்பார். நீங்கள் அதற்குக் கொஞ்சம் மேலே பார்க்கிறீர்கள். அங்கே ஒரு முகம் இருக்கிறது.

கைப்பேசி செடி உயரத்தில் இருந்திருக்கிறது. உங்கள் மூக்குத் துவாரம் இரண்டும் தெரிகிறது. சாதாரண ஆள் கைப்பேசியைக் கண்ணுக்கு நேராகப் பிடிப்பார். நாளெல்லாம் செடியின் தலையிலேயே கை வைத்து வேலை செய்கிறவர்தான் இப்படி இடுப்புக்கு இறக்கி, முழங்கை இரண்டையும் செடிமேல் ஊன்றிப் பிடிப்பார். படம் கொஞ்சமும் அசையவில்லை. எடுத்தது கொழுந்து பறிக்கிற கை.

‘மேகம்தான் மூஞ்சிக்குப் பவுடர்.’ இது உங்கள் வாக்கியம் இல்லை. நீங்கள் இதைச் சொல்லியிருந்தால் அதில் நான்கு ராஜாவும் ஒரு யானையும் வந்திருக்கும்.

அதைவிட, வாட்சப்பில் அனுப்பிய அந்த முதல் படம். வாசலில் இடுப்பில் கை வைத்து நிற்கிறீர்கள். பின்னணியை மங்கலாக்கியிருக்கிறீர்கள். கைப்பேசிக்கு முகம் தெரியும், ஆனால் இடுப்பில் வைத்த கைக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற ஓட்டை தெரியாது. அந்த ஓட்டையை மட்டும் மங்கலாக்காமல் விட்டுவிட்டது. அது வழியாக நம் வீட்டுச் சுவர் தெரிகிறது. ஆணி இருக்கிறது. அத்தை இல்லை.

என் அம்மா போன பிறகு எனக்குத் தலைவாரி விட்டது யார்? பள்ளிக்கூட லோரியில் ஏற்றிவிட்டது யார்? அந்த முகத்தை இறக்கிவிட்டு யார் முகத்தைப் பார்த்து நீங்கள் சிரிக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இருக்கிறது.

குமுதா


தோட்டம்,
19 மார்ச் 2025

மகாகனம் பொருந்திய துப்பறியும் மருமகளே,

என் மூக்குத் துவாரத்தை வைத்தே வழக்கு நடத்துகிற ஒருத்தியை வளர்த்த பெருமை எனக்கே.

உண்மையை ஒப்புக்கொள்கிறேன். கியா பார்ம் காய்கறித் தோட்டத்தில் ஒரு முட்டைக்கோஸ் விளைந்தது. அதை நகர்த்த நான்கு லோரி வேண்டும். சுற்றுலாப் பயணிகள் அதை மலை என்று நினைத்து ஏறினார்கள், இரண்டு பேர் இன்னும் இறங்கவில்லை. அந்த முட்டைக்கோஸின் இலை மடிப்பில்தான் கைப்பேசியைச் செருகி வைத்தேன். பித்தானை அமுக்கியது ஒரு குரங்கு. படித்த குரங்கு. “ஒரு அடி பின்னால போங்க, முழங்கால்ல வெட்டுப்படுது, அசிங்கமா இருக்கும்” என்று எனக்கே பாடம் எடுத்தது. கூலியாக ஸ்ட்ராபெரி கேட்டது, அதுவும் புளிக்காததாக.

இனி உன் அத்தை. அவளுக்கு என் முகத்தையே பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. “நீ லோரியில ஊரெல்லாம் சுத்துற, நான் மட்டும் ஆணியிலயே தொங்கணுமா?” என்று கேட்டாள். சிறிது காலம் ஊர் சுற்றப் போயிருக்கிறாள். திரும்பி வருவாள். இதற்கு மேல் கேட்காதே.

புதிய படம் வைத்திருக்கிறேன். இது காலைச் சூரியன். ஆள் முகத்துக்கு நேராக அடித்து, தோலெல்லாம் பித்தளைக் குடம் மாதிரி மின்னுகிறது பார். கீழே கொஞ்சம் வெட்டிவிடும்படி திருமாறனிடம் சொன்னேன். அவன் கைப்பேசியில் பேசிக்கொண்டே மேலே வானத்தை வெட்டிவிட்டான். போகட்டும், வானம் நமக்கு இங்கே நிறையக் கிடக்கிறது.

சாப்பிடுகிறேன். மூஞ்சியைப் பார்.

மாமா


ஜொகூர் பாரு,
27 மார்ச் 2025

மாமாவுக்கு,

முகத்துக்கு நேராகக் காலை வெயில் அடித்தால், படம் எடுக்கிறவரின் முதுகில் வெயில் அடிக்கும். அவருடைய நிழல் முன்னால் விழும். அதைத்தானே கீழே வெட்டச் சொன்னீர்கள்?

திருமாறன் அண்ணன் நன்றாக இருக்கட்டும். உங்கள் காலடி வரைக்கும் ஒரு நிழல் நீண்டு கிடக்கிறது. முதுகில் கூடை. தலையில் அகலத் தொப்பி. தொப்பியின் விளிம்பில் இடது பக்கம் ஒரு துண்டு உடைந்திருக்கிறது.

அந்தத் தொப்பியை எனக்குத் தெரியும். சின்ன வயதில் அதன்மேல் உட்கார்ந்து உடைத்தவளே நான்தான். இராசம்மா பெரியம்மா என்னைத் துடைப்பத்தோடு லயத்து வீட்டு வரிசை முழுக்கத் துரத்தினார். உடைந்தாலும் அதையே போட்டுக்கொண்டு மலை ஏறுவார்.

மாமா, இராசம்மா பெரியம்மாவா? அடுத்த வீட்டில் அவர் கணவர் இராமையா பெரியப்பா குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும்போதா? அதற்குத்தான் அத்தையை ஆணியிலிருந்து இறக்கினீர்களா? அவர் ஊர் சுற்றப் போயிருக்கிறாராம். இறந்தவரை வைத்து எப்படி மாமா உங்களுக்கு அந்த வரியை எழுத வந்தது?

எனக்குப் பொறுக்கவில்லை. நேற்று அவர்கள் வீட்டுக்குப் போன் செய்தேன். பெரியப்பாதான் எடுத்தார். கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

சித்திரைப் புத்தாண்டுக்கு நான் வரப்போவதில்லை. அத்தை படம் எங்கே இருந்தாலும் தபாலில் அனுப்பி வையுங்கள். என் வீட்டில் மாட்டிக்கொள்கிறேன். இனி ஞாயிற்றுக்கிழமைப் படமும் வேண்டாம்.

குமுதா


தோட்டம்,
3 ஏப்ரல் 2025

குமுதா,

கேட்டுவிட்டாய். மிக நன்றாகக் கேட்டுவிட்டாய்.

லோரிக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தேன். இராமையா வந்தார். கையில் செடி வெட்டுகிற கவாத்துக் கத்தி. அதன் நீளம் இங்கிருந்து கம்போங் ராஜா வரை இருக்கும். தோட்டமே என் பின்னால் வந்து நின்றது, என்னைக் காப்பாற்ற அல்ல, நல்ல இடமாகப் பார்த்து நின்று வேடிக்கை பார்க்க.

“சாமி, என் பொண்டாட்டி ஒன்னைய படம் புடிக்கிறாளாமே?”

“இல்லண்ணே.”

“மருமக போன் பண்ணிச் சொல்லுச்சே. நிழலெல்லாம் விழுந்திருக்காம்லே.”

“அண்ணே, அது வேற...”

“நாப்பது வருசமா குடும்பம் நடத்துறேன். என்னைய ஒரு தடவ படம் எடுத்திருக்காளாடா அவ? ஒரே ஒரு தடவ!”

அவருக்குக் கோபம் அதில்தான். அதற்குள் இராசம்மா வாசலிலிருந்தே கத்தினார்: “முட்டி தேஞ்சு வேலைய விட்டு நின்னு ரெண்டு வருசமாவுது. கக்கூசுக்குப் போவவே சொவத்தப் புடிச்சிட்டுப் போறேன். நான் மல ஏறி இந்தக் கோமாளியப் படம் புடிக்கிறேனா? கண்ணாடி போடச் சொல்லுலா அந்தப் புள்ளைய!”

எல்லாரும் சிரித்தார்கள். இராமையாவும் சிரித்து, கத்தியை என் லோரிப் பலகையிலேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். நானும் சிரித்தேன்.

சிரிக்காமல் ஒருவர் நின்றார். அந்தத் தொப்பி இப்போது எந்தத் தலையில் இருக்கிறதோ அவர். மறுநாள் மலையில் கைப்பேசியை நீட்டினேன். வாங்கவில்லை.

“போதும் லோரிக்காரரே. இன்னிக்கு இராசம்மாக்கா பேரு. நாளைக்கு என் பேரு. நான் ஒண்டிக்கட்ட, எனக்குச் சண்ட போட வாசல்ல ஆளில்ல.”

அவ்வளவுதான். குரங்கு போய்விட்டது. கையும் போய்விட்டது.

படம் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். இருந்தாலும் ஞாயிறு வந்தது, பழக்கம் விடவில்லை. நானே எடுத்தேன். வைத்திருக்கிறேன். வேண்டாமென்றால் கிழித்துப் போடு.

அத்தை படத்தை இப்போது அனுப்ப முடியாது. என்னிடம் இல்லை.

மாமா


ஜொகூர் பாரு,
9 ஏப்ரல் 2025

மாமாவுக்கு,

படத்தைக் கிழிக்கவில்லை. மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பாதி வானம். பாதி உங்கள் நெற்றி. தலைக்குப் பின்னால் மறுபடியும் மின்கம்பம் வந்துவிட்டது. வெயில் மேலிருந்து அடித்துக் கண்ணுக்குக் கீழே இரண்டு குழி. இந்தத் தடவை நேராக லென்ஸைப் பார்க்கிறீர்கள். அதற்கு மேலே யாரும் இல்லை.

சாப்பிடவில்லை நீங்கள்.

இராசம்மா பெரியம்மாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். முதலில் துடைப்பத்தை ஞாபகப்படுத்தினார். அப்புறம் தொப்பியைப் பற்றிக் கேட்டேன். “வேலைய விட்டு நிக்கிறப்ப துளசிக்குக் குடுத்துட்டேன்மா. வெயில்ல காயிதேன்னு” என்றார். நான் தொப்பியைப் பார்த்தேன், தலையைப் பார்க்கவில்லை. ஆபீசில் இப்படித் தப்பு செய்தால் வேலை போயிருக்கும்.

மேட்டு லயத்துத் துளசி அக்கா. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. படுத்த படுக்கையாக இருந்த அம்மாவை விட்டு வர மாட்டேன் என்று கல்யாணமே செய்துகொள்ளாதவர். அந்த அம்மாவும் போன வருடம் இறந்துவிட்டார் என்று பெரியம்மா சொன்னார். மலைக்கு வருகிற சுற்றுலாக்காரர்கள் எல்லாம் அவரிடம்தான் கைப்பேசியைக் கொடுத்து, “காக்கா, தோலோங்” என்று, அக்கா உதவுங்கள் என்று மலாயில் கெஞ்சுவார்கள். கூடையை இறக்காமலே எடுத்துக் கொடுப்பார். ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேர் வீட்டில் அவர் எடுத்த படம் இருக்கும்.

சரி. ஒரு கேள்விக்கு விடை கிடைத்தது. அதற்கு நான் கோபப்படவில்லை. கோபப்படலாமா என்று யோசித்துப் பார்த்தேன், வரவில்லை.

ஆனால் ஆணி அப்படியேதான் இருக்கிறது. வேறொருவரோடு சிரிக்கும்போது அத்தை பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று கூசி இறக்கிவிட்டீர்கள் என்றால், அதை என்னால் தாங்க முடியாது. துளசி அக்கா இறக்கச் சொன்னார் என்றால் இன்னும் தாங்க முடியாது. உங்களிடம் இல்லை என்றால் யாரிடம் இருக்கிறது?

இதற்கு மட்டும் கதை வேண்டாம் மாமா. முட்டைக்கோஸ் வேண்டாம். உங்கள் பதிலைப் பார்த்துத்தான் இனி அந்த வீட்டுக்கு வருவதா இல்லையா என்று முடிவு செய்வேன்.

குமுதா


தோட்டம்,
16 ஏப்ரல் 2025

குமுதாவுக்கு,

கதை இல்லாமல் எழுதுகிறேன். எனக்குக் கை வரவில்லை, பொறுத்துக்கொள்.

இந்த மழைக்காலத்தில் உன் அத்தை படத்தில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. நம் ஊர் ஈரம் உனக்குத் தெரியும். செருப்பில் பிடிக்கும், தலையணையில் பிடிக்கும், இது சட்டத்துக்கு உள்ளே போய்விட்டது. ஒரு மூலையில் வெள்ளையாகத் தொடங்கிக் கழுத்து வரை ஏறியது. வேலைக்குப் போகுமுன் தினமும் கண்ணாடியைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அது தாடைக்கு வந்துவிட்டது.

ஒருநாள் துளசி, மழைக்கு என்னிடம் வாங்கிப்போன குடையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். வாசலில் நின்றே பார்த்தாள்.

“வெளிய தொடச்சு என்னா பண்றது லோரிக்காரரே? பூஞ்சணம் உள்ளல்ல இருக்கு. வாய்க்கு வந்துட்டா அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது. எறக்குங்க.”

இறக்கச் சொன்னது அவள்தான். அதை மறைக்க மாட்டேன்.

கண்ணாடியைக் கழற்றினாள். படம் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பூவை எடுப்பது போல உரித்து எடுத்தாள். வீட்டுக்குள் வைத்து எடுத்தால் விளக்கு பளபளக்கும் என்று வெளியே வாசற்படியில் வைத்து, மேகம் மூடும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு நேர் மேலே குனிந்து என் கைப்பேசியில் எடுத்தாள். படத்தைத் துணியில் சுற்றித் திருமாறனிடம் எடுத்துப் போனதும் அவள்தான், வேலையை விட்டுவிட்டு.

திருமாறன் கம்ப்யூட்டரில் பூஞ்சணத்தை எடுத்தான். அத்தோடு நிறுத்தவில்லை. அழகுபடுத்துகிறேன் என்று கங்காவை வெள்ளையாக்கிவிட்டான். சினிமாக்காரி மாதிரி இருந்தாள். நான், சரி, வாங்கிக்கொள்வோம் என்றேன். துளசி வாங்கவில்லை.

“இது யாரு? கங்காக்கா கருப்பு. எனக்குக் கருப்பாத்தான் வேணும்.”

“நல்லாத்தானே இருக்கு?” என்றான் அவன்.

“நல்லா இருக்கு. ஆனா அவங்க இல்ல. நெத்தியில தழும்பு எங்க? மருமக வந்து பாத்தா யாருன்னு கேக்கும்.”

இப்படியே அவள் போவதும் அவன் திருத்துவதுமாக வாரங்கள் ஓடிவிட்டன. அதனால்தான் ஆணி காலியாக இருந்தது. எங்கே என்று சொன்னால் யாரிடம் என்று சொல்ல வேண்டும். யாரிடம் என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமைப் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்குத்தான் எழுதி எழுதி அழித்தேன். அழித்ததில் எல்லாம் அவள் பெயர் இருந்தது.

நேற்றுத் திருமாறன் கொடுத்துவிட்டான். ஒரு பிரதி உனக்கு. இன்னொன்று ஆணியில் ஏறிவிட்டது.

துளசியிடம் கேட்டேன், இனியாவது கைப்பேசியை வாங்குவாயா என்று. அதோடு நான் கேட்க நினைத்த இன்னொன்றையும் சேர்த்துத்தான் கேட்டேன், அது உனக்குப் புரியும். அவள் சொன்னது இவ்வளவுதான்: “மருமக படத்தப் பாக்கட்டும். அது சரின்னா சரி. இல்லன்னா நான் கொழுந்து பறிக்கிறேன், நீங்க லோரி ஓட்டுங்க.”

ஆகவே உன் பதிலுக்காக இரண்டு பேர் காத்திருக்கிறோம். இராமையாவையும் சேர்த்தால் மூன்று. அவர் இப்போதெல்லாம் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு, தன்னையும் ஒருநாள் எடுக்கும்படி துளசியிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

மாமா


ஜொகூர் பாரு,
23 ஏப்ரல் 2025

மாமாவுக்கு,

உறையைப் பிரிக்குமுன் கையைக் கழுவிக்கொண்டேன்.

வேலைப் பழக்கம், நம்பாமல்தான் பார்த்தேன். நெற்றித் தழும்பு இருக்கிறதா என்று பார்த்தேன், இருக்கிறது. அடுப்பு வெடித்தபோது என்னைத் தள்ளிவிட்டு அவர் வாங்கிய தழும்பு அது. மூக்குத்தியின் கல் ஒன்று விழுந்த குழி இருக்கிறது. கருப்பாகவே இருக்கிறார். தாடை முழுதாக இருக்கிறது.

கீழ் ஓரத்தில் வேறு ஏதோ ஒன்று. முதலில் அழுக்கு என்று நினைத்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். காற்றில் படம் பறக்காமல் யாரோ விரல் வைத்துப் பிடித்திருக்கிறார். நகத்துக்குள் கொழுந்துக் கறை. இதையும் வெட்டச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள்.

நானும் வெட்ட மாட்டேன்.

தொழிலாளர் தினத்துக்கு வருகிறேன். இந்தத் தடவை கைப்பேசி என்னிடம். நீங்களும் துளசி அக்காவும் வாசலில் நில்லுங்கள். தொப்பியோடு வந்தாலும் சரிதான். முழங்காலில் வெட்ட மாட்டேன். கதவைத் திறந்து வையுங்கள், சுவர் தெரிய வேண்டும். பின்னணியை மங்கலாக்க மாட்டேன். மூன்று முகமும் தெளிவாக விழ வேண்டும்.

இராமையா பெரியப்பாவையும் பெரியம்மாவையும் நான் தனியாக எடுத்துக் கொடுக்கிறேன், அபராதமாக.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. பனிக் கதையில் எத்தனை விழுக்காடு பொய்?

குமுதா

வாட்சப்பைத் திறந்துவிட்டேன். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் காகிதத்தில் வர வேண்டும்.


தோட்டம்,
7 மே 2025

என் மருமகளும், மூன்று முகங்களை ஒரு சட்டத்தில் அடக்கிய வீராங்கனையுமான குமுதாவுக்கு,

நீ எடுத்த படத்தைச் சட்டம் போட்டு மாட்டியாயிற்று. அதைப் பார்க்கக் கோலாலம்பூர் வரை வரிசை நிற்கிறது. கேமரன் மலையே இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டதாக அளந்தவர்கள் சொல்கிறார்கள். ஒரே ஒரு குறை: முழங்காலைக் காப்பாற்றிய நீ என் பாதத்தை வெட்டிவிட்டாய். அதைத் துளசியும் கவனித்தாள். “பரவால்ல, பழகிடும்” என்றாள்.

இராமையா தன் படத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். இராசம்மா முறைத்துக்கொண்டிருக்கிற படம் அது. அவருக்கு அதுவே போதுமாம்.

நீ கேட்ட கணக்குக்கு வருகிறேன். பனியில் சட்டை நிற்கவில்லை, விழுந்தது, சேறானது. கார்கள் ஒட்டவில்லை. போலீஸ்காரர் கத்தி கொண்டுவரவில்லை. முட்டைக்கோஸ் என் தலை அளவுதான், அதுவும் பூச்சி அரித்தது. குரங்குக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

ஆனால் அன்று பனி இருந்தது. கையை நீட்டி உனக்காக என்னை நானே எடுக்கப் போய், கைப்பேசி நழுவி, நம் வாசலை ஒட்டிய தேயிலைச் செடிக்குள் விழுந்துவிட்டது. மண்டியிட்டுத் தடவிக்கொண்டிருந்தேன். எதிர் வரிசையில் யார் நிற்கிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை. செடிக்கு மேலாக ஒரு கை மட்டும் கைப்பேசியோடு வந்தது. “மருமகளுக்குத்தானே? எந்திரிங்க. வாசல்ல நில்லுங்க. கொஞ்சம் சிரிங்க” என்றது.

நீ போனதிலிருந்து என்னை யாரும் சிரிக்கச் சொன்னதில்லை. சிரித்தேனா என்றே எனக்குத் தெரியாது. படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மற்றதெல்லாம் பொய், குமுதா. அந்தக் கை மட்டும் நிஜம்.

மாமா